மாடி வீட்டுப் பூனை அலுமாரிக்கடியை விட்டு வராவிட்டால்

வவுனியாவில் மாடி வீடு, சந்தையடியில் இருந்து எடுத்து வந்த வளர்ந்த பூனை, இரண்டு நாளாக அலுமாரிக்கடியிலேயே கிடக்கிறது, இரவில் கதவடியில் கத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புது இடத்தில் பயந்த பூனை அப்படித்தான் செய்யும், இழுத்து எடுக்காதீர்கள். ஒரே அறையில் விட்டு, சாப்பாட்டை ஒரு மூலையிலும், மலசலம் கழிக்க மணல் போட்ட தட்டை எதிர் மூலையிலும் வையுங்கள். ஆற்று மணல் நல்லது. எங்கள் செம்மண்ணைப் போட்டால் வீடு முழுக்கக் கால் அடையாளம்தான். இரவில் கொஞ்சம் விளையாட்டுக் காட்டி, உப்பும் தூளும் போடாமல் அவித்த மீன் கொடுங்கள். கத்துகிறதே என்று கதவைத் திறந்தால் நாளைக்கும் கத்தும்.

ஆனால் ஒளிந்திருப்பது வேறு, சாப்பிடாமல் இருப்பது வேறு. ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்புப் படியும், உயிருக்கே ஆபத்து. அப்படியே விசர்நோய்த் தடுப்பூசி, கருத்தடை இரண்டையும் கேளுங்கள். கருத்தடை செய்யாத கடுவன் என்றால் அந்தக் கத்தலுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

அப்புறம் யன்னல். நுளம்பு வலையை நகத்தால் கிழித்துவிடும், கம்பி வலை அடியுங்கள்.