கதவைச் சுரண்டுவதற்கு முன்

பழைய வீடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1960-களில் கட்டிய வீடு. கதவு, ஜன்னல் எல்லாம் தேக்கு. மேலே நாலைந்து முறை பச்சை எனாமல் அடித்திருக்கிறார்கள். இப்போது செதில் செதிலாக உரிகிறது. ப்ளோ லாம்ப் வைத்துச் சுட்டு எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மரம் புதுசு போல வந்துவிடும் என்கிறார் பெயிண்டர். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. பழைய பெயிண்டில் காரீயம் (லெட்) இருக்கும் என்று படித்ததிலிருந்து தூக்கமில்லை.
– வாசகி, காரைக்குடி

பதில்: ப்ளோ லாம்ப் வேண்டாம். காய்ந்த உப்புத்தாளும் வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம்.

கதவில் கெட்டியாக ஒட்டியிருக்கும் பெயிண்ட் பெரும்பாலும் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அது தூளாகித் தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கையில் ஒட்டி, கையிலிருந்து வாய்க்குப் போகும்போதுதான் விபரீதம். பழைய வீடுகளில் அந்தத் தூள் அதிகம் கிளம்புவது, நல்லது செய்கிறோம் என்று வேலையை ஆரம்பிக்கிற நாளில்தான்.

முதலில், எதைச் சந்தேகிப்பது? சுவரில் அடித்த சுண்ணாம்பை அவ்வளவாகச் சந்தேகிக்க வேண்டாம். எண்ணெய் கலந்த எனாமலைத்தான் பார்க்க வேண்டும்: கதவு, ஜன்னல், கம்பி, தொட்டில், ஊஞ்சல் பலகை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்குக் காரீயக் குரோமேட் போடுவது வழக்கமாக இருந்தது. அந்த மஞ்சளோடு நீலம் சேர்த்தால் உங்கள் வீட்டுப் பச்சை. சீக்கிரம் காய்வதற்காகச் சேர்த்த மருந்திலும் காரீயம் இருந்ததால் வெள்ளை எனாமல் என்றாலும் முழு நிம்மதி கிடையாது. வீட்டு உபயோகப் பெயிண்டில் காரீயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் காரீயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

உறுதி செய்துகொள்ள விரும்பினால் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுக்கலாம். சுமார் 5 செ.மீ.க்கு 5 செ.மீ. அளவில், மரம் தெரியும்வரை எல்லாப் பூச்சையும் சேர்த்துப் பெயர்த்து, மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, ‘மொத்தக் காரீயம், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம்’ என்று எழுதிக் கேளுங்கள். அந்த எண்தான் பி.பி.எம். அமெரிக்காவில் பழைய பூச்சு 5000 பி.பி.எம். தொட்டால் அதைக் காரீயப் பெயிண்ட் என்று கணக்கில் எடுக்கிறார்கள். கடையில் விற்கும் துடைத்துப் பார்க்கும் குச்சிகளை அதிகம் நம்ப வேண்டாம். மேல் பூச்சு புதுசாக இருந்தால் அடியில் இருப்பது அவற்றுக்குத் தெரியாது. கரைசல் சிவப்பாக மாறுகிறதா என்று பார்க்கும் வகையில், பெயிண்டே சிவப்பாக இருந்தால் ஒன்றும் புரியாது.

இனி வேலை. உரியாத இடத்தைச் சுரண்டவே சுரண்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, பளபளப்பு மங்க ஈரத்தோடு லேசாகத் தேய்த்து, மேலேயே புது ப்ரைமரும் பெயிண்டும் அடித்தால் போதும். ‘முழுக்க எடுத்தால்தான் ஃபினிஷிங் வரும்’ என்பார்கள். வரும்தான், தூளும் வரும்.

உரிந்த இடங்களுக்கு:

வேலை முடிந்து கழுவித் துடைக்கும்வரை குழந்தையும், கர்ப்பிணி யாரேனும் இருந்தால் அவரும், வேறு வீட்டில் இருக்கட்டும். பக்கத்து அறை போதாது. கதவைக் கீலிலிருந்து கழற்றி வெளியே கொண்டுபோக முடிந்தால் பாதி வேலை சுலபம். முடியாத ஜன்னல்களுக்குக் கீழே, சுற்றி இரண்டு மீட்டருக்குக் கனத்த பாலித்தீன் விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். ஃபேன், ஏசி ஓடக் கூடாது. பக்கத்தில் சுவிட்ச் போர்டு இருந்தால் மெயினை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் அடுத்தது தண்ணீர்: ஒரு லிட்டரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் கலந்து, ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி நனைத்து, நனைந்த இடத்தை மட்டும் தகட்டால் சுரண்ட வேண்டும். காய்ந்ததும் மறுபடி நனைக்க வேண்டும். தேய்ப்பதற்கு வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்); 180 நம்பரில் ஆரம்பிக்கலாம். மிஷின் வைத்துத் தேய்க்கக் கூடாது.

வேலை செய்கிறவருக்கு என் 95 முகக்கவசம் குறைந்தபட்சம். பி 100 வடிகட்டி மாட்டும் ரப்பர் முகமூடி அதைவிட நல்லது. கைகழுவாமல் டீ, பீடி, வெற்றிலை எதுவும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த லுங்கியோடு அவர் வீட்டுக்குப் போனால் அவர் பிள்ளைக்கும் அதே தூள்தான். மாற்றுத் துணியும் குளிக்க இடமும் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

முடிந்ததும் பாலித்தீனை உட்புறமாக மடித்துச் சுருட்டி, இரட்டைப் பையில் கட்டுங்கள். துடைப்பத்தைத் தொடாதீர்கள். சாதாரண வேக்குவம் கிளீனரும் வேண்டாம். நுண்ணிய தூள் அதன் பையைத் தாண்டி அறைக்கே திரும்பும், மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ளது மட்டுமே தாங்கும். இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் அலச நல்ல தண்ணீர். தரை, ஜன்னல் விளிம்பு, அலமாரி மேல்தட்டு எல்லாம் துடைத்து, காயவிட்டு, புதுத் துணியால் இன்னொரு முறை. அழுக்குத் தண்ணீரைத் துளசி மாடத்திலோ கோழி மேயும் கொல்லையிலோ ஊற்றக் கூடாது.

ப்ளோ லாம்ப் ஏன் கூடாது என்று பெயிண்டர் கேட்டால்: சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது காரீயம் ஆவியாகப் புகையோடு கலக்கிறது, ப்ளோ லாம்பின் சுடர் அதற்கும் மேலே. கெமிக்கல் ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு உள்ளவற்றை மூடிய அறையில் பயன்படுத்தியவர்கள் இறந்திருக்கிறார்கள். காஸ்டிக் சோடா தேக்கைக் கறுக்க வைத்துவிடும்.

கழித்துப் போட்ட பெயிண்ட் மரத்தை வெந்நீர் அடுப்பில் வைக்காதீர்கள். புகையில் பாதி, சாம்பலில் மீதி. அந்தச் சாம்பலை எடுத்துப் பாத்திரம் தேய்க்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

கேள்வி: ஜன்னல் கம்பிகளில் செங்கல் நிற ப்ரைமர் தெரிகிறது. அது காரீயமா?
– வாசகர், திருச்சி

பதில்: ரெட் ஆக்சைடு என்றால் இரும்பு ஆக்சைடு, செங்கல், காவி நிறம். ரெட் லெட் எனப்படும் ஈயச் செந்தூரம் தனி. அது பளிச்சென்ற ஆரஞ்சு சிவப்பு. நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, இரண்டும் கலந்தும் அடிப்பார்கள். கம்பியில் துருவோடு உரிகிறது என்றால் மேலே சொன்ன ஈர முறையையே பின்பற்றுங்கள். ஒயர் பிரஷ் மாட்டிய மிஷின் கூடாது.

கேள்வி: பழைய கதவைச் சுரண்டும்போது மூன்று வயது மகன் அங்கேயே விளையாடிக்கொண்டிருந்தான். ஆளைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறான். டெஸ்ட் தேவையா?
– வாசகி, மதுரை

பதில்: தேவை. நன்றாக இருப்பதாகத் தெரிவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். குறைந்த அளவில் வெளியே ஒன்றும் தெரியாது, பாதிப்பு மூளை வளர்ச்சியில். குழந்தை மருத்துவரிடம் ‘ரத்தத்தில் காரீய அளவு’ என்று கேளுங்கள். நரம்பில் ஊசி போட்டு எடுக்கும் ரத்தம்தான் நம்பகமானது. விரல் நுனியில் குத்தி எடுத்தால், தோலில் ஒட்டிய தூளே அளவைக் கூட்டிக் காட்டலாம்.

பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரத்தத்துக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் 3.5-ஐ எச்சரிக்கை அளவாக வைத்திருக்கிறது. காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து பொதுவாக 45-ஐத் தொட்டால்தான் பேச்சுக்கு வரும். அதற்குக் கீழே, காரீயம் வரும் வழியை நிறுத்துவதுதான் சிகிச்சை. ரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதமாகும். எனவே அடுத்த வாரமே மறுபரிசோதனை செய்து பதறாதீர்கள்.

கூடவே இரும்புச் சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குடல் காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். அளவு கூடியிருந்தால் பெயிண்டோடு நிறுத்தாமல், காரீயம் வரக்கூடிய மற்ற வழிகளையும், கண் மை, உதிரியாக வாங்கும் மஞ்சள் தூள், நாக பஸ்பம் (காரீயத்திலிருந்து செய்யும் ஆயுர்வேத மருந்து) போன்றவை, வீட்டில் யாராவது பேட்டரி வேலை செய்கிறார்களா என்பது வரை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பாட்டி வைத்திருந்த ஈயச் சொம்பில்தான் ரசம் வைக்கிறோம். ஈயம் விஷம் என்கிறீர்களே!
– வாசகர், கும்பகோணம்

பதில்: தமிழ்ச் சொல் செய்யும் குழப்பம் இது. சொம்பு வெள்ளீயம், விஷம் காரீயம். சுத்த வெள்ளீயச் சொம்பில் ரசம் வைப்பதில் பயமில்லை. விலை குறைக்கக் காரீயம் கலந்திருந்தால்தான் சிக்கல், புளியும் தக்காளியும் அதைக் கரைத்து இறக்கும்.

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயம் 11.3. சொம்பைச் சமையல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். விளிம்புவரை நிரம்பிய பாத்திரத்தில், காற்றுக் குமிழி தங்காமல் முழுக்க அமிழ்த்தி, வழியும் தண்ணீரை அளந்து பாருங்கள். 730 கிராம் சொம்பு சுத்தமாக இருந்தால் 100 மி.லி. வழியும். முப்பது சதவீதம் காரீயம் கலந்திருந்தால் 89-தான் வரும். பத்து சதவீதக் கலப்பென்றால் வித்தியாசம் மூன்றரை மி.லி.; வீட்டு அளவையில் பிடிபடாது. ஆக, இந்தச் சோதனையில் தோற்ற சொம்பைத் தூக்கி வைத்துவிடலாம். தேறியதைச் சுத்தம் என்று சத்தியம் செய்ய முடியாது. நகைக்கடைகளில் வைத்திருக்கும் எக்ஸ்-கதிர் கருவியில், வெள்ளீயமும் காரீயமும் காட்டும் அமைப்பு இருந்தால், நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்னொன்று: வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். ரசத்தை ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் சொம்பே இருக்காது.

கேள்வி: மாடியில் முப்பது வருட ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒழுகுகிறது. உடனே எடுத்துவிட வேண்டுமா?
– வாசகர், சேலம்

பதில்: முழுசாக இருக்கும் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. துளை போடுவது, கிரைண்டரில் அறுப்பது, பாசியை ஒயர் பிரஷால் தேய்ப்பது, பிரஷர் தண்ணீரால் அடிப்பது. இவைதான் அதை அவிழ்த்துவிடும். போல்ட் ஓரத்தில் ஒழுகினால் பழைய துளையிலேயே வாஷரை மாற்றுங்கள்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீரால் நனைத்து, போல்ட்டைக் கட்டரால் வெட்டி, உடைக்காமல் முழு ஷீட்டாக இறக்கி, பாலித்தீனில் சுற்ற வேண்டும். நார் பல பத்தாண்டு கழித்து நுரையீரலுக்குச் செய்யும் கெடுதலுக்கு முன்னால், ஷீட் மேல் கால் வைத்தவர் அது உடைந்து கீழே விழுவது அன்றைக்கே நடக்கிறது. பலகையைக் குறுக்குச் சட்டங்களின் மேல் போட்டு, அதில் மட்டும் நிற்கட்டும். உடைந்த துண்டுகளைச் சாக்கடை மூடவோ பள்ளம் நிரப்பவோ யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மரச்சட்டத்தில் ஓடும் பழைய ஒயரிங், பீங்கான் பியூஸ். ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை அணைக்கும் கருவி) போட்டோம், லைட் போட்டாலே டிரிப் ஆகிறது. எலெக்ட்ரீஷியன் அதைக் கழற்றிவிடலாம் என்கிறார்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கழற்றாதீர்கள். அது உள்ளதைத்தான் சொல்கிறது. பழைய வீடுகளில் இரண்டு மூன்று சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரலை இழுத்திருப்பார்கள். கருவி வழியாகப் போன மின்சாரம் வேறு நியூட்ரலில் திரும்பினால், கசிவு என்று எண்ணி அது அணைத்துவிடும். அந்த நியூட்ரல்களைப் பிரித்துக் கட்ட வேண்டும். இல்லையென்றால் உண்மையிலேயே கசிவுதான்: ரப்பர் உறை காய்ந்து, சுவிட்ச் அருகே வளைத்தால் பொடிப்பொடியாக உதிரும்.

மெகர் என்னும் கருவி வைத்து 500 வோல்ட்டில் காப்புத் தடையை (ஒயர் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் அளவை) அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஒட்டுப்போட வேண்டாம், மாற்றிவிடுங்கள். விளக்குக்கு 1.5 சதுர மி.மீ. ஒயரும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்.சி.பி.யும், பவர் பிளக்குக்கு 2.5-உம் 16 ஆம்பியரும், எல்லாவற்றுக்கும் எர்த், மேலே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

பழைய போர்டில் நியூட்ரலிலும் பியூஸ் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அது மட்டும் போனால் லைட் அணைந்திருக்கும், ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பல்பு மாற்ற ஏறுகிறவருக்கு அது தெரியாது. நியூட்ரலில் பியூஸை எடுத்துவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவரை மெயினை அணைக்காமல் எதையும் தொட வேண்டாம்.