கடையம் பக்கம் ஒன்றரை ஏக்கர்ல கிளாம்பிங் டெண்ட் போடப் போறேன், தோட்டத்த எப்படி அமைக்கலாம்?

தம்பி, தென்காசி மாவட்டத்துல மலையடிவாரத்துல ஒன்றரை ஏக்கர், கட்டில் மெத்தையோட வசதியா தங்குற கிளாம்பிங் டெண்ட் நாலு, முன்னாடி பூரா கொரியன் புல்லு, ஒரு ஃபவுண்டன், ரெண்டு வரிச அரேகா பாம், எவ்வளவு ஆகும்னு கேட்டிருக்கீங்க. நான் ஆர்க்கிடெக்ட் எல்லாம் கிடையாது. ஆழ்வார்குறிச்சி பக்கம் நர்சரி வச்சிருக்கேன், இதே மாதிரி டெண்ட் போட்டு வாடகைக்கு விடுற மூணு இடத்துக்கு தோட்டம் போட்டுக் குடுத்திருக்கேன், அதுல மொத இடத்துல பட்ட பாட்டத்தான் இங்க சொல்லுதேன். செடி விக்கிறவனே சொல்லுதேன், இப்பம் ஒரு செடியும் வாங்காதீங்க.

அந்த மொத இடம் செங்கோட்ட போற வழியில. ஓனர் அண்ணாச்சிக்கு கட்டில்ல படுத்தா மலை நேரா தெரியணும், அதனால டெண்ட் வாசல் எல்லாம் மேக்க பாத்து வச்சோம், சித்திர மாசம் போட்டோ எடுத்தா அப்படி இருந்துச்சு. ஆனி பொறந்துச்சு, செங்கோட்ட கணவாய் வழியா காத்து எறங்குச்சு பாருங்க, நம்ம ஊரு சாரல் மேல இருந்து விழாதுல்லா, படுக்க வாக்குல வரும், ஜிப்ப மூடினாலும் தையல் வழியா உள்ள. அது கூட பரவால்ல. நாங்க அழகா இருக்கட்டும்னு சரிவுக்கு குறுக்க பேவர் பிளாக் பாத ஒண்ணு போட்டிருந்தோம், அர அடி உசரம்தான், ஓடைக்கு போற தண்ணிய அதுவே வரப்பு மாதிரி மறிச்சிட்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு போன். போய் டார்ச் அடிச்சா ஒரு குடும்பமே மெத்தை மேல கால மடக்கி உக்காந்திருக்கு, அவங்க சின்னப் பொண்ணு மட்டும் செருப்பு மிதக்குது மிதக்குதுன்னு ஒரே சிரிப்பு. மறுநாள் கடப்பாறைய எடுத்து நான் போட்ட பாதைய நானே ரெண்டு எடத்துல ஒடச்சேன்.

அதனால உங்களுக்கு மொத வேல, ஒரு பெரிய மழைக்கு கொடைய புடிச்சிட்டு நெலத்துல போய் நில்லுங்க, தண்ணி போற வழியெல்லாம் குச்சி நட்டு வைங்க. நமக்கு ரெண்டு மழை, ஆனி ஆடி சாரல் வேற, ஐப்பசி கார்த்திகை அடைமழை வேற, ரெண்டுக்கும் காத்து வர்ற திசையும் வேற. 2023 டிசம்பர் 17, 18 மழையில தண்ணி எதுவர நின்னுச்சின்னு பக்கத்து வயக்காரரக் கேளுங்க, கைய வச்சே காட்டுவாரு. குச்சி இல்லாத மேட்டுலதான் டெண்ட், அதுவும் ஒன்றர ரெண்டு அடி பிளாட்பாரம் மேல. வாசல கெழக்கயோ வடக்கயோ திருப்பிருங்க. மலை பாக்கதுக்கு தனியா ஒரு திண்ண போட்டா போதும், அங்கதான் காப்பியோட வந்து உக்காருவாங்க.

காத்துக்கு மதில் கட்டலாமான்னு கேட்டிருக்கீங்க, வேண்டாம். கெட்டிச் சுவர்ல மோதுன காத்து மேல ஏறி அந்தப் பக்கம் சுழட்டி அடிக்கும். பாதி காத்து உள்ள நொழையிற மாதிரி வேலிதான் நல்லது, சவுக்கு ஒரு வரிச, அதுக்கு முன்னாடி நொச்சியும் ஆடாதோடையும் நெருக்கமா. ரெண்டையும் ஆடு கடிக்காது, தண்ணியும் ரொம்ப கேக்காது. அது வளர வர பனமட்ட வேலியோ ஓலத்தட்டியோ கட்டிக்கிடுங்க. கொரியன் புல்லுக்கு பங்குனி சித்திரையில யாரு தண்ணி விடுவா? டெண்ட்ட சுத்தி மூணு அடிக்கு செடியே இல்லாம சரள் கொட்டி தட்டி விடுங்க, பூச்சி பொட்டு கெடந்தா கண்ணுக்கு தெரியும். தென்னைக்கு கீழ டெண்ட் கூடவே கூடாது, இத நான் சொல்லணும்னு இல்ல.

ஒண்ணு முக்கியம். உங்களுக்கு பக்கத்துலயே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988ல இருந்து இருக்கு. அழகுக்குன்னு வாழை, பலா வச்சா யானையும் கரடியும் பன்னியும் ரூம் புக் பண்ணாமலே வந்துரும். அரசாங்கத்தோட மலைப்பகுதி பாதுகாப்பு கிராமப் பட்டியல்ல உங்க கிராமம் இருக்கான்னு விசாரிச்சிட்டு, வனத்துறையிலயும் ஒரு வார்த்த கேட்டுட்டு அப்புறம் குழி தோண்டுங்க. லைட்டும் வெள்ள வேண்டாம், மொழங்கால் உசரத்துல மஞ்ச லைட்டு, தரைய பாத்து இருக்கட்டும். வெள்ள லைட்டுக்கு மழ விட்ட அன்னைக்கு வர்ற ஈசல கூட்டி அள்ள முடியாது. கேம்ப் ஃபயர் ஆடிக் காத்துல வேண்டவே வேண்டாம், ஒரு பொறி போதும்.

குளிக்கிற எடம், இத யாரும் யோசிக்கிறதில்ல. பக்கத்துல குற்றாலம் அருவிக்கு வர்ற ஆளுங்கதான் உங்ககிட்ட தங்குவாங்க, எண்ணெ தேய்க்காம இருப்பாங்களா, அருவியில எண்ணெ சோப்பு போடக்கூடாதுன்னு தடை, அப்பம் உங்க பாத்ரூம்லதான் தேய்ப்பாங்க. மேல தொறந்த ஓலத்தட்டி குளியல் ரூம் போடுங்க, எல்லாருக்கும் புடிக்கும், ஆனா அந்தத் தண்ணிய நேரா கல்வாழ பாத்திக்கு விட்டீங்கன்னா ஒரே சீசன்ல மண்ணு எண்ணெ ஏறி வழுவழுன்னு ஆயி நாறும். நடுவுல ஒரு சின்ன தொட்டி கட்டி எண்ணெய மெதக்க விட்டு, அடித்தண்ணிய மட்டும் ஜல்லி போட்ட பாத்திக்கு அனுப்புங்க. தொட்டிய வாரத்துக்கு ஒருக்கா வழிக்கணும், ஆளு போட்டுருங்க.

அப்புறம் நீங்க போட்ட போட்டோவுல மேக்க ஓரமா ஒரு வேம்பு நிக்குதே, எடைஞ்சலா இருக்கு வெட்டிரலாமான்னு கேட்டிருக்கீங்க. எத்தன ஃபவுண்டன் வச்சாலும் மத்தியானம் சேர இழுத்துட்டு ஆளுங்க அங்கதான் போவாங்க, மூணு எடத்துலயும் பாத்துட்டேன். அதுக்கு அடியில ரெண்டு கயித்துக் கட்டில் போட்டு, பத்தமட பாயி ஒண்ணு விரிச்சு விடுங்க. பழம் விழும், காக்கா எச்சம் போடும், காலையில ஒருக்கா கூட்டிக்கிடலாம்.