கதிரியக்கம் காற்றில் எந்தப் பக்கம் போகும்? – கேள்வி பதில்

அணு உலை விபத்தில் வெளியேறும் கதிரியக்கப் பொருள் எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்கிடுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: உலையைச் சுற்றி 20 கி.மீ., 30 கி.மீ. என்று வட்டம் போடுகிறார்களே, பாதிப்பும் வட்டமாகத்தான் இருக்குமா?

இருக்காது. ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தின்போது, 2011 மார்ச் 15 காலை தெற்குப் பக்கம் போய்க்கொண்டிருந்த காற்று, பிற்பகலில் வடமேற்கே திரும்பியது. மாலையில் அந்தப் பக்கத்து மலைகளில் மழையும் பனியும் பெய்தன. காற்றோடு கடந்து போயிருக்க வேண்டிய சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் அங்கேயே மண்ணில் இறங்கிவிட்டது. 30 கி.மீ. வட்டத்துக்குப் பெரும்பாலும் வெளியே இருந்த ஈடாதே கிராமம் அப்படித்தான் பாழானது. தெற்கே அதைவிட உலைக்குப் பக்கத்தில் இருந்த சில ஊர்களில் படிவு குறைவு.

கேள்வி: கணினிக்குள் என்னதான் நடக்கிறது? (இயற்பியல் மாணவி)

உலை இருக்கும் புள்ளியிலிருந்து லட்சக்கணக்கில் கற்பனைத் துகள்களை விடுகிறோம். வானிலை மாடல் தரும் காற்று ஒவ்வொன்றையும் நகர்த்தும். அதோடு கொந்தளிப்புக்காகத் தற்செயலான ஒரு சிறு தள்ளலும் உண்டு. எங்கே மழை, எவ்வளவு கீழே இறங்கியது, அயோடின்-131 எட்டு நாளில் பாதியாவது, சீசியம்-137 பாதியாக முப்பது வருடம் ஆவது, எல்லாம் கணக்கில் வரும். ஃபிளெக்ஸ்பார்ட், ஹைஸ்பிளிட் என்ற இரண்டு கணினி நிரல்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. புகை மணி வடிவில் பரவுவதாக எடுத்துக்கொள்ளும் பழைய காஸியன் சூத்திரம் சமதளத்தில், சில கிலோமீட்டருக்குள், காற்று மாறாதவரை போதும்.

கேள்வி: கதிரியக்கம் பரவுவதைக் கணிக்கும் 'ஸ்பீடி' என்ற கணினி அமைப்பு ஜப்பானிடம் இருந்தும் ஏன் மக்களுக்கு உதவவில்லை?

மின்சாரம் போனதால் உலையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்ற தகவல் வரவில்லை. அதனால் மணிக்கு ஒரு பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். அளவு தெரியாது, ஆனால் திசை தெரியும். அந்த நாட்களில் நமியே ஊர் மக்கள் வடமேற்கே சுஷிமா பகுதியில் போய்த் தங்கியிருந்தார்கள். துகள்கள் போன வழியே அதுதான். கணிப்பு வரைபடம் பொதுவில் வந்தது மார்ச் 23 அன்று. 'எண் சரியாக இல்லை' என்று அதை உள்ளே வைத்திருந்ததை என்னால் ஏற்கவே முடியாது. அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்ல எண் எதற்கு?

கேள்வி: கல்பாக்கத்துக்கு இப்படி ஏற்பாடு உண்டா?

உண்டு, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில். அங்கே கடற்காற்றுதான் பெரிய சவால். பகலில் கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று சூடான நிலத்தின் மேல் ஏறும்போது, உயரத்தில் போகும் புகை சில கிலோமீட்டர் உள்ளே திடீரென்று தரைக்கு இறங்கலாம். மாடல் நிலப்பரப்பைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்கள் பெரிதாக இருந்தால் இது தப்பிவிடும்.

கேள்வி: எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கியும் கணக்கிடலாமா?

தாராளமாக. 2017 இலையுதிர்காலத்தில் ஐரோப்பா முழுக்கக் காற்றில் ருத்தேனியம்-106 என்ற கதிரியக்கப் பொருள் பிடிபட்டது. காற்றைப் பின்னோக்கி ஓட்டிய பல குழுக்கள் தெற்கு யூரல் பகுதியைக் காட்டின. ரஷ்யா ஒப்புக்கொள்ளவில்லை.

கேள்வி: வீட்டிலிருந்தே செய்து பார்க்க வழியுண்டா?

அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் (NOAA) இணையதளத்தில் ஹைஸ்பிளிட்டை இலவசமாக ஓட்டலாம். ஒரே இடத்திலிருந்து மதியம் 2 மணிக்கும் இரவு 2 மணிக்கும் தனித்தனியாக ஓட்டி, காற்று போகும் வழியைக் காட்டும் இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.