நீட்டுக்கு ஒரு வருடம் தரலாம், கணக்குக்குத் தரக் கூடாதா?

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் அம்மாவும், மகளின் மேற்படிப்புக்கு வழி கேட்டு, அவளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. மகள் பிளஸ் டூவில் பியூர் சயின்ஸ் குரூப், அதாவது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். மார்க் நன்றாகவே இருக்கிறது. ஆசை பி.எஸ்சி. பிசிக்ஸ். விசாரித்த இரண்டு கல்லூரிகளிலும் “கணக்கு படிக்கலையே” என்று அனுப்பிவிட்டார்கள். துபாயிலிருக்கும் மாமாவுக்கு இது வசதியாகப் போய்விட்டது. “இன்னொரு வருஷம் நீட் கோச்சிங் போகட்டும்” என்கிறார். கோச்சிங்குக்குக் கேட்டது 1,20,000 ரூபாய், ஹாஸ்டல் தனி.

“பதறாதீங்க, வழி இருக்கு” என்றுதான் நானும் தொடங்கினேன். “நகையைப் பணயம் வச்சா சமாளிச்சிரலாம் சார்” என்று அம்மா சொன்னதும் ஆறுதல் பேச்சை நிறுத்திவிட்டேன். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அந்த வீட்டு நகையை, பிள்ளைக்கே வேண்டாத ஒரு படிப்புக்காக வைக்கக் கூடாது.

வேண்டாத படிப்பு என்று எப்படிச் சொல்கிறேன்? நீட்டில் 720 மார்க்கில் 360 உயிரியலுக்கு. போன முறை அவள் சறுக்கியது அங்கேதான். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, தனிச்சீரிசை இயக்கத்தில் (ஊசல் போல முன்னும் பின்னும் ஆடும் இயக்கம்) திசைவேகத்துக்கான சமன்பாட்டை எழுதச் சொன்னேன். சைன் இருந்த இடத்தில் காஸ் போட்டுச் சரியாக எழுதினாள். எழுதிய பிறகும் பேனாவை வைக்கவில்லை. “சார், இது ஏன் காஸ் ஆகுது? மனப்பாடம்தான் பண்ணியிருக்கேன்” என்றாள். அந்தக் கேள்விக்குப் பெயர்தான் வகைநுண்கணிதம். அவளுக்கு வேண்டியது கணக்கு, கோச்சிங் அல்ல.

கல்லூரிகள் வீம்புக்குக் கணக்கு கேட்கவில்லை. பிசிக்ஸ் முதல் வருடத்திலேயே வகையீடு, தொகையீடு, வெக்டர் எல்லாம் வந்துவிடும். பெரும்பாலும் துணைப்பாடமும் கணிதம்தான். சிபாரிசு பிடித்து உள்ளே நுழைந்தாலும் முதல் செமஸ்டரிலேயே திணற வேண்டியிருக்கும்.

நம்மூரில் பலருக்கும் கண்ணில் படாத வழி, தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். பிளஸ் டூ முடித்த ஒருவர் அங்கே ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்து எழுதலாம். மேல்நிலைக் கணிதத்தின் பாட எண் 311. பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை: ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புக்கும் மார்க் உண்டு. தேர்ச்சிக்கு 33 சதவீதம் போதும். ஆனால் இடம் கிடைக்க அது போதாது, 75-ஐ நோக்கிப் படிக்கட்டும். தினமும் பள்ளிக்குப் போக முடியாதவர்களுக்கான அமைப்பு என்பதால் தினமும் வகுப்பு, சீருடை எதுவும் கிடையாது. காலையில் அப்பாவுக்கு ஷீட் அடிக்க உதவிவிட்டு மத்தியானம் கணக்கு போடலாம்.

ஒரு எச்சரிக்கை. தனிப்பாடமாக எழுதினால் கையில் வருவது மார்க் பட்டியல்தான், தேர்ச்சிச் சான்றிதழ் அல்ல. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே, சேர நினைக்கும் கல்லூரிக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். பழைய பிளஸ் டூ மார்க் பட்டியலோடு இதையும் சேர்த்து ஏற்பீர்களா, ஏப்ரல் தேர்வு முடிவு சேர்க்கை தொடங்கிய பிறகு வந்தால் பொறுப்பீர்களா என்று கேளுங்கள். பதிலும் எழுத்தில் வர வேண்டும். கவுண்டரில் ஒருவர் தலையாட்டியதை நம்பி ஒரு வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

படிக்க என்ன செய்வது? தமிழ்நாடு பாடநூலே போதும், இணையத்தில் இலவசம். பிளஸ் ஒன் புத்தகத்தில் முக்கோணவியல், எல்லை, வகையீடு, தொகையீடு. இவற்றை முடிக்காமல் பிளஸ் டூ புத்தகத்தைத் தொட வேண்டாம். அதிலுள்ள 12 பாடங்களில் கலப்பு எண்கள், வெக்டர், நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் இவைதான் பிசிக்ஸுக்கு உயிர். அவற்றை முதலில் பிடிக்கட்டும். என்.ஐ.ஓ.எஸ். புத்தகத்தைக் கடைசி மூன்று மாதம் வைத்துக்கொண்டால் சரி. பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இல்லாமலா போவார்?

அப்புறம், அதே படிப்பை வைத்து, மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான ஐசரின் நுழைவுத்தேர்வையும் எழுதிவிடலாம். அதில் 60 கேள்விகள், இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் என நான்கு பாடத்துக்கும் தலா 15. பிளஸ் டூவில் நான்கில் மூன்று படித்திருந்தால் பி.எஸ்.-எம்.எஸ். என்ற ஐந்து வருடப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கஷ்டமான தேர்வுதான், கிடைத்தே தீரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருவனந்தபுரம் ஐசர் இருக்கும் விதுரா உங்கள் ஊரிலிருந்து மலையோரமாகப் போனால் அரைநாள் பயணம்கூட இல்லை.

“ஒரு வருஷம் வீணாப் போவுமே சார்” என்றார் அப்பா. நீட்டுக்கு என்றால் அதே வருடத்தைத் தரத் தயாராகத்தானே வந்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மச்சானுக்கு யார் சொல்றது?” என்றார்.

அந்தத் துபாய் மச்சானுடைய வாட்ஸ்அப் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன்.