உப்பனாற்றில் விடலாமா?

அன்புள்ள ஐயா,

செயற்கை உயிரியல் பற்றிய உங்கள் கட்டுரையில், ஒரு பாக்டீரியா அனுப்பும் சேதியை இன்னொன்று கேட்டு நடக்கும்படி அமைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். 2019இல் சென்னைக் கடலில் நீல ஒளி தெரிந்ததே, அதுவும் இந்தச் சேதிப் பரிமாற்றம்தானா? அப்படிப்பட்ட பாக்டீரியாக்களை எங்கள் உப்பனாற்றில் விட்டு, அழுக்கைக் கண்டதும் கூடித் தின்னச் சொல்லலாம். கூட்டம் அளவு மீறினால் தாமே செத்துவிடச் சொல்லலாம். ஏன் யாரும் செய்யவில்லை?

ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

சென்னையில் ஒளிர்ந்தது நாக்டிலூக்கா என்னும் ஒருசெல் உயிரி. அலையில் அதிர்ந்தால் மினுங்கும். பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. அதை விட்டுவிடுவோம்.

நமக்கு வேண்டியது விப்ரியோ ஃபிஷெரி என்ற பாக்டீரியா. உங்கள் துறைமுகத்தில் கூடை கூடையாக இறங்கும் கணவாய்க்கு ஹவாயில் ஒரு குட்டி உறவு உண்டு, கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதன் உடலுக்குள் ஒளிப்பை ஒன்றில் இந்த பாக்டீரியா குடியிருக்கிறது. கடலில் தனியாக மிதக்கும்போது இது ஒளிர்வதில்லை. லக்ஸ்-ஐ என்ற நொதியைக் கொண்டு சிறு மூலக்கூறு ஒன்றைச் செய்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கடல் அதைக் கரைத்துவிடும். பைக்குள் நெருக்கியடித்து வாழும்போதோ மூலக்கூறு தேங்குகிறது, செல்லுக்குள் திரும்பிப் போகிறது, லக்ஸ்-ஆர் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒளி மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அந்த மரபணு வரிசையிலேயே லக்ஸ்-ஐக்கான மரபணுவும் இருப்பதால் சேதி மேலும் பெருகுகிறது. இரவில் மேலிருந்து விழும் நிலவொளிக்கு ஈடாகக் கீழே ஒளி கிடைப்பதால் கணவாயின் நிழல் மறைகிறது. விடிந்ததும் அது பாக்டீரியாக்களில் பெரும்பகுதியைக் கடலில் துப்பிவிடுகிறது. மிஞ்சியவை மாலைக்குள் பெருகிவிடும். கூட்டம் சேர்ந்த பிறகே இந்த ஒளி மூள்கிறது என்று நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் 1970இல் காட்டினார்கள்.

லக்ஸ்-ஐ, லக்ஸ்-ஆர் இரண்டின் மரபணுக்களையும் ஈ-கோலை என்ற ஆய்வகத்துப் பழகிய பாக்டீரியாவுக்கு மாற்றி, ஒளிக்குப் பதில் நாம் விரும்பும் வேலையைப் பூட்டலாம். நீங்கள் கேட்ட "தாமே செத்துவிடும்" ஏற்பாட்டை யூ, காக்ஸ், வைஸ், ஆர்னல்ட் ஆகியோர் 2004இலேயே செய்துவிட்டார்கள். (பின்னாளில் வேதியியல் நோபல் வாங்கிய ஃபிரான்சஸ் ஆர்னல்ட்தான்.) கூட்டம் அடர்ந்தால் சேதி ஏறும், சேதி ஏறினால் கொல்லும் மரபணு விழிக்கும், கூட்டம் குறையும். எண்ணிக்கை ஒரு மட்டத்தில் நின்றது. அழகான வேலை.

நின்றது, ஆனால் நிலைக்கவில்லை. "செத்துப்போ" என்ற கட்டளையைக் கேட்டு நடப்பவை சாகின்றன. தற்செயலான மரபணுப் பிறழ்வால் செவிடான செல் ஒன்று பிழைத்துக்கொள்கிறது. அதன் பிள்ளைகளும் செவிடு. ஊர் வரி கொடுத்தவன் நொடித்துப்போக, கொடுக்காதவன் வீடு கட்டினால் அடுத்த திருவிழாவுக்கு வசூல் எங்கே ஆகும்? 2005இல் அதே அமைப்பை நுண்ணிய அறைகளுக்குள், மிகக் குறைந்த எண்ணிக்கையில் வளர்த்தபோது சில நூறு மணி நேரம் ஒழுங்காக ஓடியது. செல்கள் சிலவே இருந்தால் பிறழ்வு தோன்றும் வாய்ப்பும் குறைவு, அவ்வளவுதான். செல்களைப் பேச வைப்பது இந்தத் துறையில் எளிய பாதி என்றே நான் நினைக்கிறேன். தலைமுறை தலைமுறையாகக் கேட்க வைப்பதுதான் கடினம். பத்திரிகைச் செய்திகளில் இந்தப் பாதி ஏனோ வருவதே இல்லை.

இப்போது உங்கள் ஆற்றுக்கு வருகிறேன். நுண்ணிய அறைக்கு நேர் எதிர் உப்பனாறு. கடல் ஏறி இறங்கும் நீர், சேதியைத் தேங்க விடாது. போதாக்குறைக்கு, அந்த மூலக்கூறின் வளையம் காரத்தன்மையில் உடைந்துபோகும். உப்பேறிய நீரோ பெரும்பாலும் சற்றுக் காரமானது. மண்ணில் வாழும் பாசில்லஸ் வகைகள் சிலவற்றிடம் இதை வெட்டும் நொதியே உண்டு, பிறர் பேச்சைக் கெடுப்பதற்கென்றே வைத்திருப்பது போல. ஆகவே கூடிவரச் சொன்ன செல்கள் கூடிவரா. சேதி எங்காவது தேங்கினாலும், சாகச் சொன்னவற்றில் செவிடானவை மட்டும் ஆற்றில் மிஞ்சும். சட்டமும் இருக்கிறது: 1989ஆம் ஆண்டு விதிகளின்படி மரபணு மாற்றிய நுண்ணுயிரை மத்திய அரசின் குழு ஒப்புதல் தராமல் வெளியில் விட முடியாது. அந்தக் கெடுபிடி இந்த விஷயத்தில் நியாயமானது.

அடைபட்ட இடங்களில் கதை வேறு. 2016இல் ஜெஃப் ஹேஸ்டி குழு, எலியின் புற்றுக்கட்டிக்குள் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவை வளர்த்து, கூட்டம் சேர்ந்ததும் பெரும்பாலானவை ஒருசேர வெடித்து மருந்தைக் கொட்டும்படி அமைத்தது. கட்டி ஒரு பைதானே, சேதி உள்ளேயே தேங்கும்.

உப்பனாற்றைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். அங்கே பாக்டீரியாவை விடுவதற்குப் பதில், அந்த நீரை ஒரு குப்பியில் எடுத்து பாக்டீரியாவிடம் கொண்டுபோகலாம். எடின்பரோ மாணவர்கள் 2006இல் அமைத்த ஈ-கோலை, நீரில் ஆர்சனிக் இருந்தால் அமிலத்தன்மையை மாற்றும். அமிலத்துக்கேற்ப நிறம் மாறும் காட்டிச் சாயத்தில் அது தெரிந்துவிடும். இதற்குச் செல்கள் தங்களுக்குள் பேச வேண்டியதே இல்லை. உங்கள் ஊர்க் கல்லூரிகளில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் யாராவது அகப்பட்டால், இந்த வழியைப் பற்றி முதலில் கேளுங்கள்.