'எ கொயட் ப்ளேஸ்' படத்தில் அந்தக் குடும்பம் ஏன் இவ்வளவு முட்டாள்தனமாக நடந்துகொள்கிறது?

கேள்வி கேட்டவர் நாலு ஓட்டைகளைச் சொல்லியிருக்கிறார். உலகமே அழிந்துகொண்டிருக்கும்போது அந்த அம்மா ஏன் கர்ப்பமாகிறாள்? எந்தப் பெண்ணாவது கத்தாமல் பிள்ளை பெற முடியுமா? படிக்கட்டில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியை ஏன் யாரும் பிடுங்கவில்லை? அருவிக்குப் பக்கத்தில் சத்தம் போட்டால் ஆபத்தில்லை என்று தெரிந்தும் ஏன் அங்கேயே குடியிருக்கவில்லை?

படம் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. 2018-ல் ஜான் க்ராசின்ஸ்கி இயக்கி நடித்தது. அவர் மனைவி எமிலி ப்ளண்ட் படத்திலும் மனைவி. கண் தெரியாத, காது மட்டும் பயங்கரமாகக் கேட்கிற ஜந்துக்கள் மனிதர்களைக் கொன்று தீர்த்துவிட்டன. மிச்சமிருக்கிற ஒரு குடும்பம் மணல் கொட்டிய பாதையில் வெறுங்காலோடு நடந்து, சைகையில் பேசி வாழ்கிறது. 89-ஆம் நாள் கடைசிப் பையன் பொம்மை ராக்கெட்டில் பேட்டரி போட்டு, அது சத்தம் போட்டு, அப்பா கண்ணெதிரே செத்துப்போகிறான். அடுத்து கதை 472-ஆம் நாளுக்குத் தாவும்போது அம்மா நிறைமாதம்.

கேள்வி கேட்ட நீங்கள் கல்யாணம் ஆகாதவர், ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு இந்தப் படத்தைப் பார்த்தவர் என்று நினைக்கிறேன். தப்பென்றால் மன்னிக்கவும். "அறிவுள்ளவ எவளாவது இந்த நேரத்துல பிள்ளை பெத்துக்குவாளா" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம், வாழ்க்கைப்பட்டது ஆம்பூர். 2019-ல் ஏழாம் மாதத்தில் ஒரு குழந்தையை இழந்தேன். அதைப் பற்றி இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. அடுத்த வருஷம் மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஜூலையில் மறுபடி நாள் தள்ளிப்போனது. தெரிந்ததும் முதலில் போன் வந்தது என் பெரியம்மாவிடமிருந்து. "இன்னாடி இது, ஊரே செத்துகினு கீது, உனக்கு இப்ப இது தேவையா?" அவர் கெட்டவர் இல்லை, பயத்தில் கேட்டார். ஆனால் அதற்கப்புறம் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் 'லாக்டவுன் பாப்பா' என்று சிரிப்புப் படம் போட்டவர்கள் பயத்தில் போடவில்லை. அவர்களில் ஒருத்தர்கூட 2019-ல் என்னைப் பார்க்க வரவில்லை.

அந்தப் படத்தில் ஒரு இடம் வரும். பாதாள அறையில் அந்த அம்மா கணவனிடம் செத்த பையனைப் பற்றிப் பேசுவாள். அவன் பாரம் இன்னும் என் கையில் தெரிகிறது, அன்றைக்கு என் கை சும்மாதானே இருந்தது, நான் தூக்கியிருக்கலாம் என்கிற மாதிரி சொல்வாள். அவள் ஏன் கர்ப்பமானாள் என்பதற்கு அதைவிட என்ன விளக்கம் வேண்டும்? கை காலியாக இருக்கிற வேதனை, உலகம் அழிகிறதா இல்லையா என்று பார்த்து வருவதில்லை. நான் அந்தக் காட்சியை மூன்றாம் தடவை பார்த்தபோதும் நிறுத்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இரண்டாவது கேள்வி, கத்தாமல் பிள்ளை பெற முடியுமா. முடியும். நான் பெற்றேன்.

2021 மார்ச். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். கொரோனா என்பதால் அம்மாவைக்கூட உள்ளே விடவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண், பத்தொன்பது இருபது வயசுதான் இருக்கும், வலி தாங்காமல் "யம்மா யம்மா" என்று அலறினாள். அங்கே வேலை பார்த்த அம்மா ஒருத்தி அவள் தொடையில் சுளீரென்று ஒரு அடி வைத்து, "கத்தாத! அப்ப மட்டும் இனிச்சுதா?" என்றார். அந்தப் பெண் அப்படியே வாயை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன். என் பையில் அம்மா குழந்தைத் துணிக்காக வைத்திருந்த கைலித் துண்டு ஒன்று இருந்தது. அப்பா தறியில் ஓட்டியது, ஓரத்தில் வெட்டிய பிசிறுத் துணி, பச்சையும் கறுப்புமாகக் கட்டம் போட்டது. அதை நாலாக மடித்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். தண்ணீரில் நனைக்காத புதுத்துணி, கடிக்கக் கடிக்க, பாவுக்கு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்கு) போட்ட கஞ்சி கரைந்து மாவு மாதிரி நாக்கில் ஒட்டியது. மூன்று மணி நேரம். குழந்தை வந்து, அது அழுதபோதுதான் துணியை எடுத்தேன். கடைவாய்ப் பக்கம் ரத்தம். இன்றைக்கும் புதுக் கைலியைப் பிரித்தால் அந்தக் கஞ்சி வாசனைக்கு எனக்குத் தாடை இறுகும்.

எமிலி ப்ளண்ட் குளியல் தொட்டியில் உட்கார்ந்து, ஜந்து மாடியேறி வருகிறது என்று தெரிந்து, முகத்தை மட்டும் கோணிக்கொண்டு வலியை விழுங்குகிற காட்சியை 'லாஜிக் இல்லை' என்று எழுதுகிறவர்கள் எங்கள் பிரசவ அறைகளுக்கு வெளியே வராந்தாவில் நின்றவர்கள். உள்ளே நடப்பது அவர்களுக்குக் கேட்காது. எல்லாப் பெண்களும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொன்னதாகக் கமெண்டில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கத்துவது அவர்கள் உரிமை. அந்தச் சின்னப் பெண் கத்தியிருக்க வேண்டும், அவளை அடித்த கையை நான் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அந்தக் கோபம் இத்தனை வருஷம் கழித்தும் ஆறவில்லை. படத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்குச் சம்பந்தம் இருக்கிறது.

ஆணிக்கு வருகிறேன். துணி மூட்டையை மாடிக்கு இழுத்துப் போகும்போது பை மாட்டி ஆணி நிமிர்ந்துகொள்ளும். அதைப் பார்க்காமலே போய்விடுவாள், பிறகு பனிக்குடம் உடைந்த நேரத்தில் அதன் மேலேயே வெறுங்காலை வைப்பாள். சரி, அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மட்டும் பிடுங்கியிருப்பாளா? எங்கள் வீட்டில் பார்த்தோம். தறிக்கொட்டகை நிலைப்படியில் தகரம் அடித்த ஆணி ஒன்று விரல் கனத்துக்கு எழும்பி நின்றது. அப்பா, அம்மா, தம்பி, பாவு பிணைக்க வருகிற அண்ணன் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் வாரம் புடவை ஓரம் கிழிந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து அந்த இடம் வந்தால் கால் தானாக அரை அடி உயரத் தூக்கிக்கொள்ளும். கால் பழகிவிட்டால் ஆணி கண்ணில் படாது. ஏழெட்டு மாதம் கழித்து, நூல் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பின்பக்கமாக நகர்ந்த அம்மாவின் குதிகாலில் அது இறங்கியது. டிடி ஊசி, மூன்று தையல். அப்புறமாவது பிடுங்கினோமா? அப்பா அதன் மேல் ஒரு செங்கல்லை வைத்தார். நாலு நாள் செங்கல் இருந்தது. பிறகு தம்பி செங்கல்லில் இடறி விழுந்து, அன்றைக்குத்தான் குறடு எடுத்தோம்.

குடும்பத்தை விடுங்கள், கூட்டமாகவே அப்படித்தான். 2020 ஏப்ரலில் எங்கள் ஊருக்கு அந்தப் பக்கம் ஆந்திர எல்லையில், சைனகுண்டாவில், ரோட்டுக்குக் குறுக்கே சுவரே கட்டினார்கள். ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்று எல்லோரும் கேட்ட பிறகு இடித்தார்கள். இதை ஒரு படத்தில் வைத்திருந்தால் நாமே 'ரோட்டுல எவனாவது சுவர் கட்டுவானா' என்று எழுதியிருப்போம்.

அருவி. இதற்கு என் அப்பாதான் பதில். வீட்டை ஒட்டியே இரண்டு பவர்லூம் ஓடிய வீடு எங்களுடையது. 85 டெசிபலுக்கு மேல் நாள் முழுக்கக் கேட்டால் காது கெடும் என்பார்கள். தறிக்கொட்டகையில் சாதாரணமாகவே அதைத் தாண்டும். சின்ன வயதில் நாங்களும் அந்தப் படத்துக் குடும்பம் மாதிரிதான் பேசினோம். வாயசைவு, கைச்சாடை. சாப்பாட்டுக்கு ஒரு சாடை, நூல் அறுந்ததற்கு ஒரு சாடை, கடன்காரர் வந்திருக்கிறார் என்பதற்கு ஒன்று. நீங்கள் சொல்கிற அருவிக்குப் பக்கத்தில்தான் முப்பது வருஷம் குடியிருந்தோம். அங்கே நீ போடுகிற சத்தம் வெளியே கேட்காது என்பது உண்மை. வெளியே நடப்பதும் உனக்குக் கேட்காது. தம்பி நாலு வயசில் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து கத்தியிருக்கிறான், பத்தடி தூரத்தில் இருந்த அப்பா, அம்மா, நான் மூன்று பேருக்கும் தெரியாது. எதிர் வீட்டு அத்தை பார்த்து ஓடிவந்து தூக்கினார். குழந்தைகளை வைத்துக்கொண்டு, ஜந்து வருகிற காலடிகூடக் கேட்காத இடத்தில் எந்த அப்பாவும் குடியேற மாட்டான். அமிர்தி அருவிக்கு அடுத்த முறை போனால் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் நின்று பாருங்கள், பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று சொல்ல முடிகிறதா என்று.

இப்போது உண்மையான ஓட்டை. அதை நீங்கள் கேட்கவே இல்லை. கடைசியில் ஜந்துவை வீழ்த்துவது காது கேளாத மகளின் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது அறுவை செய்து பொருத்துகிற கேட்கும் கருவி, போடுகிற கீச்சுச் சத்தம். அந்த வேடத்தில் நடித்த மில்லிசென்ட் சிம்மண்ட்ஸ் நிஜத்திலும் காது கேளாதவர், அந்தப் பெண்ணின் நடிப்பைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் என் அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கப் போனபோது அங்கிருந்தவர் வித்தியாசத்தைப் பொறுமையாகச் சொன்னார். சாதாரண காது மெஷினில் ஒரு மைக்கும் ஒரு குட்டி ஸ்பீக்கரும் இருக்கும். காதில் சரியாக உட்காராவிட்டால் ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய் விசில் அடிக்கும். அப்பாவுடையது அடிக்கடி அடிக்கும், அதனாலேயே அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். காக்ளியர் இம்ப்ளாண்டில் ஸ்பீக்கரே கிடையாது. வெளியே இருக்கிற கருவி சமிக்ஞையைத் தோல் வழியாக உள்ளே அனுப்பும், உள்ளே இருக்கிற மின்முனைகள் கேட்கும் நரம்பை நேராகத் தூண்டும். வெளியே நிற்பவருக்கு எதுவும் கேட்க வழியில்லை. அப்புறம் அது எப்படி அறை முழுக்கக் கீச்சிடும்? படத்தில் அப்பா பழைய உதிரிப் பாகங்களை வைத்து அதை மாற்றிக் கட்டுகிறார், அதனால் என்று வாதாடலாம். எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்று. காதை மட்டுமே நம்பி வேட்டையாடுகிற ஒன்றை அந்தக் காதிலேயே அடிக்கலாம் என்று ராணுவங்களில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை என்கிறது படம். பண்ணை வீட்டு மகள் ஒருத்திக்குத் தற்செயலாகத் தெரிய ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு அம்மா பிள்ளை பெற்றதை நம்பாதவர்கள் இதை எப்படிக் கேள்வி கேட்காமல் நம்பினார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

அந்த மக்காச்சோளக் காடும் அப்படித்தான். வரிசை பிசகாமல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, குதிர் நிறைய மணி கிடக்கிறது. கதிரை ஒடித்தால் படக்கென்று சத்தம் வரும், காய்ந்த தட்டை காற்றடித்தாலே சலசலக்கும். டிராக்டர் இல்லாமல் யார் உழுதார்கள், யார் அறுத்தார்கள்? இதற்கு மட்டும் அந்தக் குடும்பத்துக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.