பழைய ஏர் ரைஃபிளின் மரக்கட்டையை வீட்டிலேயே புதுப்பிக்க முடியுமா?

தாராளமாக முடியும். பொழுதுபோக்காக நான் செய்துவரும் வேலையே இதுதான். வார்னிஷ் உரிந்து, அங்கங்கே அடிபட்டுக் குழி விழுந்திருக்கிறது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள், உப்புத்தாளுக்கு வேலை கடைசியில்தான்.

உள்ளே குண்டு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, இரும்புப் பாகங்களை மொத்தமாகக் கழற்றி வையுங்கள். பழைய வார்னிஷுக்குப் பெயிண்ட் ரிமூவர் தடவி, இளகியதும் பிளாஸ்டிக் தகட்டால் வழித்தால் போதும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். பிடியில் செக்கரிங் (கை வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய கோடுகள்) வெட்டியிருந்தால் அங்கே பழைய பல் தேய்க்கும் பிரஷ் மட்டும். உப்புத்தாள் பட்டால் கோடுகள் மழுங்கிவிடும்.

அடுத்து குழிகள். அமுங்கிய இடத்தில் மரம் எங்கும் போய்விடவில்லை, நார் நசுங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். ஈரத்துணியை மடித்து வைத்து, சூடான அயர்ன் பாக்ஸின் முனையால் ஓரிரு நொடி அழுத்துங்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்பும், நார் ஊறி மேலே எழும்பும். ஆழமான குழி என்றால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நார் அறுபட்ட வெட்டு மட்டும் இதற்கு மசியாது. அதை அப்படியே விடுங்கள். பழைய துப்பாக்கிக்கு இரண்டு தழும்பு இருந்தால்தான் களை என்பது என் கட்சி.

இப்போது உப்புத்தாள். 180, 240, 320 என்று (எண் கூடக் கூடத் தாள் நைசு) போங்கள், நார் ஓடும் திசையிலேயே, சின்ன மரத்துண்டில் சுற்றிப் பிடித்து. மெஷின் வேண்டவே வேண்டாம். இரும்பு வந்து உட்காரும் விளிம்பு கொஞ்சம் உருண்டாலும் பூட்டியபின் இடைவெளி பல்லிளிக்கும். அதனால் விளிம்பை ஒட்டி நான் கை வைப்பதே இல்லை. ராணுவத் துப்பாக்கி என்றால் மரத்தில் குத்திய முத்திரைகள் இருக்கும்; அவற்றைத் தேய்த்தால் சேகரிப்பாளர்களிடம் மதிப்பே போச்சு. தேய்த்து முடித்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். மெல்லிய நார்கள் முள்ளுமுள்ளாக எழும்பும், காய்ந்ததும் அவற்றை மட்டும் லேசாகச் சீவிவிடலாம்.

பூச்சுக்கு என் ஓட்டு பாயில்டு லின்சீட் ஆயிலுக்கு, அதாவது சீக்கிரம் காயும்படி தயாரித்த ஆளிவிதை எண்ணெய்க்கு. மெல்லியதாகத் தடவி, சற்று ஊறவிட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின்தான் அடுத்த கோட்டு. தாராளமாக ஊற்றினால் பிசுபிசுப்பு போகவே போகாது. வால்நட் மரத்துக்குத் துளைகள் பெரியவை. எண்ணெய் போட்ட ஈரத்தோடு 400 தாளால் தேய்த்தால் வரும் மரக்குழம்பே அவற்றை அடைத்துவிடும். பீச் (beech) மரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சாயம் பூசினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். தோளில் பதியும் தகட்டுக்கு அடியிலும் எண்ணெய் விடுங்கள். நார் அறுபட்ட முனை அது, ஈரம் அதிகம் குடிப்பது அங்கேதான்.

புதுக் கட்டையிலிருந்து ஸ்டாக் (துப்பாக்கியின் மரப்பாகம்) செதுக்குவதெல்லாம் பிறகு பார்க்கலாம். அதற்குக் கைப்பிடிக் கழுத்தில் நார் நீளவாக்கில் ஓடும் மரம் வேண்டும். குறுக்கே ஓடினால், உதைப்பு பலமான துப்பாக்கியில் அந்த இடமே விண்டுவிடும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.